கார், லாரி ஸ்கேல் மாடல் கிட்: எந்த வேலைய முதல்ல செய்யணும், எத கடைசில செய்யணும்

பிளாஸ்டிக் பார்ட்ட வெட்டி ஒட்டி சின்ன கார், லாரி கட்டற கிட் வாங்கிட்டு புதுசா உக்கார்றவங்க எல்லாரும் ஒரே எடத்துல தான் மாட்டறாங்க. டப்பாவுக்குள்ள ஒரு பேப்பர் இருக்கும், அதுல 1ன்னு போட்ட எடத்துல பெரும்பாலும் இன்ஜின் இருக்கும், உடனே இன்ஜின வெட்டி ஒட்ட ஆரம்பிச்சிடுவாங்க, அப்புறம் சேசிஸ், அப்புறம் சீட்டு, டேஷ்போர்டு, கடைசி பக்கத்துல தான் பாடி வரும். அங்க வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு வாரம் ஓடியிருக்கும், முடிச்சு பாக்கணும்ங்கற ஆசை தாங்காது, காலைல பெயின்ட் அடிச்சு சாயங்காலமே கையில தூக்கிடுவாங்க, கூரை மேல அஞ்சு விரலும் பதிஞ்சு நிக்கும்.

அந்த பேப்பர் எந்த பார்ட் எங்க ஒட்டும்னு சொல்றதுக்கு தான். எந்த வேலைய எப்ப செய்யணும்னு அது சொல்லாது. கிட் கட்டறதுல பாதி நாள் பெயின்ட் காயறதுக்கு தான் போகும், அதனால எது காய ரொம்ப நாள் எடுக்குமோ அத முதல்ல முடிச்சு ஓரமா வெச்சுட்டு, அது காயற நேரத்துல மத்ததெல்லாம் பண்ணணும். சேலத்துல கன்னங்குறிச்சி பக்கம் எங்க வீட்டு மொட்டமாடி ரூம்ல ஞாயித்துக்கிழமை நாலஞ்சு பேர் வந்து உக்காந்து கட்டறாங்க, அவங்க எங்க எங்க தடுமாறினாங்கன்னு பாத்து பாத்து தான் இந்த வரிசைய எழுதறேன்.

1. முதல் கிட்டுக்கு லாரி வேண்டாம்

நம்ம ஊர் லாரிக்கு பேர் போன எடம், ஒரு பக்கம் சங்ககிரி, இன்னொரு பக்கம் நாமக்கல், அதனால வர்ற பசங்க பாதி பேர் நேரா லாரி கிட் தான் கேக்கறாங்க. ஆசை நியாயம் தான். ஆனா இட்டாலெரி கம்பெனியோட 1/24 (நெசமான வண்டில 24ல ஒரு பங்கு) லாரி கிட்ல பார்ட் எண்ணிக்கையே ரொம்ப அதிகம், சேசிஸ் சட்டத்த கோணல் இல்லாம ஒட்ட கை பழகியிருக்கணும். ஏஎம்டி (AMT) கம்பெனியோட 1/25 அமெரிக்க லாரிங்க பல வருஷத்துக்கு முந்தின அச்சுல மறுபடி ஊத்தி வர்றது, ஓரத்துல பிசுறு நெறைய இருக்கும், சேர்ற எடத்துல இடைவெளியும் இருக்கும்.

முதல் கிட்டுக்கு டமியா கம்பெனியோட 1/24 கார் ஒண்ணு எடுங்க, இன்ஜின் இல்லாத வகையா பாத்து எடுத்தா இன்னும் நல்லது. பார்ட் ஒண்ணோட ஒண்ணு சரியா உக்காரும், அதனால தப்பு வந்தா கிட்ல இல்ல, நம்ம கைல தான்னு தெரியும், அப்ப தான் கத்துக்க முடியும். ரெவெல் டப்பால 1ல இருந்து 5 வரைக்கும் கஷ்ட அளவு போட்டிருப்பாங்க, 3க்கு மேல போகாதீங்க. அளவு எப்படி இருக்கும்னா, நாலரை மீட்டர் நீள கார் 1/24ல கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர் வரும்.

2. டப்பா வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வெக்க வேண்டியது

கிட் கைல வந்துட்டா யாரும் டூல்ஸ்க்கு காத்திருக்க மாட்டாங்க, நகவெட்டிய எடுத்து பார்ட்ட பிச்சிடுவாங்க. அதனால தான் முன்னாடியே வாங்கி வெக்க சொல்றேன்.

சின்ன நிப்பர், ஒரு பக்கம் தட்டையா இருக்கறது. பேனா மாதிரி பிடிக்கற கத்தி, கூட நாலஞ்சு எக்ஸ்ட்ரா பிளேடு. வாட்டர் பேப்பர் 320, 400, 600, 1000, 1500, 2000 நம்பர்ல ஒவ்வொண்ணு, டிங்கரிங் பெயின்ட் சாமான் விக்கற கடைல எல்லாமே கெடைக்கும். சாமணமும் சின்ன அரமும் செவ்வாய்பேட்டை பக்கம் வெள்ளி கொலுசு வேலைக்கு டூல்ஸ் விக்கற கடைல வாங்குங்க. கொலுசுல முத்து பிடிக்கற சாமணம் நுனி அவ்வளவு சரியா சேரும், மாடலுக்குன்னு தனியா விக்கறத விட எனக்கு அது தான் கைக்கு வாகா இருக்கு. ஊசி அரம் செட்டும் அங்கயே எடுத்துடலாம்.

பசை மூணு வகை வேணும். பச்சை மூடி போட்ட டமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட், அது பிளாஸ்டிக்க லேசா கரைச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிடும். கெட்டியா இருக்கற சாதா மாடல் சிமென்ட் ஒண்ணு, மெதுவா காயறதால நகத்தி சரி பண்ண நேரம் கெடைக்கும். மூணாவது வீட்ல இருக்கற வெள்ளை ஃபெவிகால், அது ஜன்னலுக்கு வர்ற, கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் பார்ட்டுக்கு மட்டும்.

பெயின்ட் ஸ்ப்ரே கேன் வாங்கறப்ப ஒரு விஷயம். டமியால டிஎஸ் (TS) வரிசை தான் கிட்டுக்கு. பிஎஸ் (PS) வரிசை ரிமோட் காரோட பாலிகார்பனேட் பாடிக்கு, அத கிட் பிளாஸ்டிக் மேல அடிச்சா வீணாயிடும். டப்பா பாக்க ஒரே மாதிரி இருக்கும், எழுத்த படிச்சு வாங்குங்க. கேன் எல்லாம் அழுத்தம் உள்ள, தீ பிடிக்கற சரக்கு, விமானத்துல அனுப்ப கட்டுப்பாடு இருக்கு, அதனால வந்து சேர லேட்டாகும், கிட்டுக்கு முன்னாடியே ஆர்டர் போட்டுடுங்க.

மாஸ்க் கட்டாயம் வேணும். துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் தூசிய ஓரளவு தடுக்கும், பெயின்ட் ஆவிய தடுக்காது. கரி வடிகட்டி மாட்டற ரப்பர் மாஸ்க்கா வாங்குங்க. அடிக்கற எடத்துக்கு பக்கத்துல கேஸ் அடுப்போ சாமி விளக்கோ எரியக்கூடாது, இதுல எந்த சமரசமும் இல்ல.

3. திறந்த அன்னைக்கு வெட்டாதீங்க

முதல் வேலை எண்றது. பேப்பர்ல இருக்கற படத்த வெச்சு ஸ்ப்ரூ (பார்ட்டுங்க ஒட்டிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) எல்லாம் இருக்கான்னு பாருங்க. எதாவது குறைஞ்சா இப்பவே தெரிஞ்சா தான் கடைக்காரர்கிட்ட கேக்க முடியும், பாதி ஒட்டின அப்புறம் கேட்டா யாரும் மாத்தி தர மாட்டாங்க.

ரெண்டாவது, ரப்பர் டயர தனி கவர்ல போட்டுடுங்க. டயர்ல இருக்கற எண்ணெய் மாதிரி ஒரு பொருள் மெதுவா கசிஞ்சு, அது தொட்டுட்டு இருக்கற பிளாஸ்டிக்க இளக்கிடும். மாசக்கணக்கா மூடியே கெடந்த டப்பால கண்ணாடி பார்ட் மேல டயர் அச்சு அப்படியே பள்ளமா பதிஞ்சிருந்தத நானே பாத்திருக்கேன், அதுக்கப்புறம் அந்த கண்ணாடிய ஒண்ணும் பண்ண முடியாது.

மூணாவது, கழுவறது. அச்சுல இருந்து பார்ட் ஒட்டாம வெளிய வர ஒரு எண்ணெய் தடவுவாங்க, அது கண்ணுக்கு தெரியாது, ஆனா பெயின்ட் அது மேல பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால தேச்சு, நல்ல தண்ணில அலசி, நிழல்ல காய வெக்கணும். க்ரோம் பார்ட்டையும் டெக்கலையும் (தண்ணில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்) இதுல போடாதீங்க. வெயில்லயும் காய போடாதீங்க, சித்திரை வெயில்ல மொட்டமாடில போட்டா மெல்லிசான பார்ட் வளைஞ்சுடும்.

4. பேப்பர்ல பென்சில் எடுத்து உக்காருங்க

இந்த அரை மணி நேரத்த தான் எல்லாரும் விடறாங்க. எந்தெந்த பார்ட் ஒரே கலரோ, பக்கத்துல பக்கத்துல ஒட்டுதோ, அதயெல்லாம் ஒரு வட்டம் போட்டு கட்டுங்க. அதயெல்லாம் முதல்ல ஒட்டிட்டு சேத்து பெயின்ட் அடிக்கலாம். வேற வேற கலர்னா தனித்தனியா அடிச்சுட்டு அப்புறம் ஒட்டணும். இன்ஜின் பிளாக்கும் கியர்பாக்ஸும் ஒரே கலர், ஒட்டிட்டு அடி. அது மேல வர்ற ஃபேன் பெல்ட் கருப்பு, அடிச்சுட்டு ஒட்டு. இவ்வளவு தான் கணக்கு.

பாடி கலர்லயே வர்ற குட்டி பார்ட்டுங்களையும் இப்பவே தேடி எடுத்துடுங்க. சைடு மிரர், பம்பர், ஸ்பாய்லர் எல்லாம் பாடியோட ஒரே நாள்ல ஒரே கேன்ல அடிக்கணும். ஒரு வாரம் கழிச்சு மிரர மட்டும் தனியா அடிச்சா, ஒரே கேனா இருந்தாலும் எத்தன கோட் விழுந்ததுங்கறத பொறுத்து ஷேடு மாறிடும், மெட்டாலிக் கலர்ல இது ரொம்ப நல்லா தெரியும்.

5. பாடி தான் முதல் வேலை

பாடிய ஸ்ப்ரூல இருந்து எடுக்கறது எப்படின்னு கொஞ்சம் நிதானமா சொல்றேன், மத்த எல்லா பார்ட்டுக்கும் இதே தான்.

ரெண்டு வெட்டு போடணும். முதல் வெட்டு பார்ட்டுல இருந்து ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளி. நிப்பரோட தட்டை பக்கம் பார்ட்ட பாத்து இருக்கணும். இப்ப பார்ட் தனியா கைல வந்துடும், ஒரு சின்ன முளை மட்டும் நிக்கும். ரெண்டாவது வெட்டு அந்த முளைய, அரை மில்லிமீட்டர் விட்டு. மிச்சம் இருக்கறத கத்தியால சீவாதீங்க, 400 வாட்டர் பேப்பர ஒரு சின்ன கட்டை மேல ஒட்டி தேச்சு எறக்குங்க. ஏன் ரெண்டு வெட்டுன்னா, ஒரே வெட்டுல பார்ட்ட ஒட்டி வெட்டறப்ப பிளாஸ்டிக் நசுங்கி அந்த எடம் வெளுத்துப்போகும், சில சமயம் பார்ட்டுலயே ஒரு குழி பிச்சுட்டு வரும், அதுக்கு பட்டி போட்டு தேச்சு ஒரு சாயங்காலம் போயிடும்.

பாடிய வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சு பாருங்க, மட்கார்டு மேல, கூரை ஓரத்துல, பில்லர்ல மயிர் மாதிரி ஒரு கோடு ஓடும். அச்சோட ரெண்டு பாதி சேர்ற எடம் அது. நெசமான கார்ல அந்த கோடு கெடையாது. விரல் நகத்த வெச்சு தடவினா தட்டுப்படும், தட்டுப்படாம போற வரைக்கும் தேய்ங்க, 600ல ஆரம்பிச்சு 1000ல முடிங்க. அப்படியே விட்டுட்டு பெயின்ட் அடிச்சா பளபளப்புல அது இன்னும் எடுத்து காட்டும்.

அடுத்தது கதவு, பானெட், டிக்கி கோடுங்க. பெயின்ட், அதுக்கு அடியில முதல்ல அடிக்கற ப்ரைமரோட சேத்து நாலஞ்சு கோட் விழறப்ப இந்த கோடுங்க ரொம்பி மங்கிடும். அதனால இப்பவே கத்தி பிளேடோட முதுகு பக்கத்த வெச்சு அந்த கோட்டுலயே அழுத்தம் இல்லாம அஞ்சாறு தடவ இழுங்க. கூர் பக்கத்துல இழுக்கக்கூடாது, அது பிளாஸ்டிக்க ரெண்டா பிளக்கும், முதுகு தான் சுருள் சுருளா செதுக்கி எடுக்கும். வளைவுல ரொம்ப மெதுவா போங்க, கத்தி ஒரு தடவ தடம் மாறி பானெட் மேல ஓடிடுச்சுன்னா மறுபடி பட்டி தான்.

6. ப்ரைமர்

ப்ரைமர் எதுக்குன்னா, பெயின்ட் பிடிக்கறதுக்கு, அடியில இருக்கற பிளாஸ்டிக் கலர மறைக்கறதுக்கு, அப்புறம் தப்ப காட்டி குடுக்கறதுக்கு. இந்த மூணாவது தான் எனக்கு பெருசா படுது. சாம்பல் கலர் ப்ரைமர் விழுந்த உடனே விட்டுப்போன கீறலெல்லாம் வெளிய வந்துடும், தேச்சு சரி பண்ணி அந்த எடத்துக்கு மட்டும் திரும்ப அடிக்கலாம்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை ப்ரைமர். சிவப்பு பிளாஸ்டிக்ல வந்த பாடிக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கறதா இருந்தா, சாயம் மேல ஊறி ரோஸ் கலர் ஆயிடும், நடுவுல ஒரு சில்வர் கோட் அடிச்சா அது தடுப்பா நிக்கும்.

ஹார்டுவேர் கடை ஸ்ப்ரேய நேரா பிளாஸ்டிக் மேல அடிக்காதீங்க. இரும்புக்கு செஞ்ச பெயின்ட்ல இருக்கற தின்னர் ரொம்ப காரம், பிளாஸ்டிக் மேல்தோல் வெடிச்சு வரி வரியா ஆயிடும். பயன்படுத்தியே ஆகணும்னா வெட்டி மிச்சமான ஸ்ப்ரூ துண்டுல முதல்ல அடிச்சு ஒரு நாள் விட்டு பாருங்க.

7. கலர் அடிக்கறது: நாள் பாத்து, நேரம் பாத்து

இதுல தான் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் வித்தியாசம், நடுவுல இருக்கறது 20 கொண்டை ஊசி வளைவு தான், ஆனா பெயின்ட் ரெண்டு எடத்துலயும் வேற வேற மாதிரி நடந்துக்கும்.

ஐப்பசில ஒரு தடவ ஏற்காட்டுல அக்கா வீட்டுக்கு போனப்ப பளபளா கருப்பு பாடி ஒண்ண கூட எடுத்துட்டு போயிருந்தேன். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆச்சு, வெளிச்சம் நல்லா இருந்துச்சு, திண்ணைல நின்னு அடிச்சேன். அடிச்சு முடிச்சப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு, என் மூஞ்சியே கூரைல தெரிஞ்சுது. மலை மேல இருந்து பனிமூட்டம் எறங்கி வந்துச்சு, அஞ்சே நிமிஷம், கூரைல இருந்து ஆரம்பிச்சு பாடி முழுக்க விபூதி பூசின மாதிரி வெளுத்துப்போச்சு. காரணம் இது தான்: தின்னர் வேகமா ஆவியாகறப்ப பெயின்ட் மேல்பரப்பு குளுந்து போகும், காத்துல ஈரம் நெறைய இருந்தா அந்த ஈரம் அது மேலயே படிஞ்சு பெயின்ட்டுக்குள்ள மாட்டிக்கும். அந்த பாடிய கீழ கொண்டுவந்து, நாலு நாள் கழிச்சு நல்லா காஞ்ச காலை நேரத்துல மேல ஒரு ஈர கோட் அடிச்சேன், புது பெயின்ட்ல இருக்கற தின்னர் பழசையும் இளக்கி ஈரத்த வெளிய விட்டுடுச்சு, கருப்பு திரும்ப வந்துச்சு. மலை மேல இருக்கறவங்க மூடுபனி இல்லாத வெயில் நாள்ல, பத்து மணிக்கு மேல ரெண்டு மணிக்குள்ள அடிங்க.

கீழ சேலத்துல பிரச்சனை நேர் எதிர். மே மாசம் மத்தியானம் அடிச்சா பெயின்ட் துளி பாடிய தொடறதுக்குள்ளயே காத்துல பாதி காஞ்சுடும், மேல உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு உக்காரும். அந்த மாசத்துல காலைல ஏழு எட்டு மணிக்கு அடிங்க, கேன கொஞ்சம் கிட்ட, 15 சென்டிமீட்டர்ல பிடிங்க. ஆடில வேற கதை, காத்து தூக்கிட்டு வர்ற மண்ணு முழுக்க ஈர பெயின்ட்ல தான் உக்காரும், அந்த மாசம் ரூமுக்குள்ள ஜன்னல் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு அடிக்கறது தான் வழி. மழைக்காலத்துல கேன் குளுந்திருந்தா, கை பொறுக்கற சூட்டு தண்ணில அஞ்சு நிமிஷம் நிக்க வெச்சு குலுக்குங்க. அடுப்புல, கொதிக்கற தண்ணில கேன எப்பவும் காட்டக்கூடாது, வெடிச்சிடும்.

அடிக்கற முறை: பெரிய அட்டைப்பெட்டி ஒண்ண படுக்க வெச்சு, அடியில தண்ணி தெளிச்ச நியூஸ்பேப்பர் போடுங்க, தூசி அதுல ஒட்டிக்கும். பாடிய ஒரு பழைய பாட்டில் மேல டேப் போட்டு நிறுத்துங்க, கையால பாடிய தொடாம திருப்பலாம். கேன ரெண்டு நிமிஷம் முழுசா குலுக்கி, பாடிக்கு வெளிய அழுத்த ஆரம்பிச்சு, பாடி மேல ஓட்டி, அந்த பக்கம் வெளிய போய் விடணும். பாடிக்கு நேரா ஆரம்பிச்சா முதல்ல துப்பற பெரிய துளி மேலயே விழும்.

முதல் கோட் சும்மா தூவற மாதிரி, அடியில ப்ரைமர் தெரியணும். புதுசா வர்றவங்க இங்க தான் பயந்து, மறைய மாட்டேங்குதேன்னு இன்னும் இன்னும் அடிச்சு, கதவு ஓரத்துல கண்ணீர் மாதிரி வழிய விட்டுடுவாங்க. 15 நிமிஷம் விடுங்க. ரெண்டாவது தூவலும் லேசா. மூணாவது தான் ஈரமா, பளபளன்னு தெரியற அளவுக்கு. தேவைப்பட்டா நாலாவது. உடனே மேல ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவ கவுத்து, ஒரு பக்கம் பென்சில் வெச்சு தூக்கி விட்டு மூடுங்க. டப்பா தூசிய தடுக்கும், அந்த இடுக்கு வழியா ஆவி வெளிய போகும்.

எப்ப காஞ்சுதுன்னு எப்படி தெரியும்? மூக்க கிட்ட கொண்டு போங்க. பெயின்ட் வாடை வந்தா இன்னும் காயல. லாக்கர் வகை பெயின்ட் (டமியா டிஎஸ் கேன் இது தான்) ரெண்டு மூணு நாள்ல வாடை நிக்கும், எனாமல் வகை பெயின்ட் ஒரு வாரம் கூட ஆகும். இன்னொண்ணு, எனாமல் மேல லாக்கர் அடிக்காதீங்க. கீழ இருக்கற எனாமல லாக்கர் தின்னர் கெளப்பி விட்டு அப்பளம் பொரிஞ்ச மாதிரி சுருக்கிடும், என் முதல் லாரி கேபின் அப்படி தான் போச்சு. லாக்கர் கீழ, எனாமல் மேல, இது எப்பவும் சரி.

ரொம்ப மோசமா போயிடுச்சுன்னா கிட்ட தூக்கி போடாதீங்க. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ஒரு ராத்திரி ஊற வெச்சு டூத்பிரஷ்ஷால தேச்சா அக்ரிலிக்கும் பெரும்பாலான லாக்கரும் கழண்டு வந்துடும்.

8. பாடி காயற அந்த நாளுங்க

இப்ப தான் பேப்பர்ல இருக்கற 1ம் நம்பருக்கு போறோம். டப்பாவ தூக்கி பாத்துட்டே இருக்காம கைக்கு வேலை இருக்கும், அதுக்காகவும் தான் இந்த வரிசை.

ஒட்டறதுக்கு முன்னாடி பசை இல்லாம சேத்து பாருங்க, ஒவ்வொரு தடவையும். பாத்துட்டு, ரெண்டு பார்ட்டையும் கையால சேத்து பிடிச்சு, எக்ஸ்ட்ரா தின் பிரஷ் நுனிய இடுக்குல தொட்டா போதும், பசை தானா இடுக்குக்குள்ள ஓடிடும். பசைய முதல்ல தடவிட்டு அப்புறம் சேக்கறது கெட்டி சிமென்ட்டுக்கு தான். விரல் இடுக்குக்கு மேல இருந்தா பசை விரலுக்கு அடியிலயும் ஓடி ரேகை பதியும், அதனால விரல தள்ளி பிடிங்க. பெயின்ட் அடிச்ச பார்ட்ட ஒட்டறப்ப, ஒட்டற எடத்துல மட்டும் பெயின்ட்ட சுரண்டுங்க, ஏன்னா பசை பிளாஸ்டிக்க தான் கரைக்கும், பெயின்ட்ட ஒட்டினா பெயின்ட்டோட உரிஞ்சு வந்துடும். க்ரோம் பார்ட்டுக்கும் இதே.

உள்ள சீட்டு, டேஷ்போர்டு எல்லாம் மேட் (பளபளப்பு இல்லாத) கலர் தான் நல்லா இருக்கும். எல்லாத்தையும் ஒரே கருப்புல அடிக்காதீங்க, சீட்டு கரும் சாம்பல், தரை இன்னும் கொஞ்சம் வெளிர் சாம்பல்னு மாத்தினா தான் கண்ணாடி வழியா பாக்கறப்ப எது என்னன்னு பிரிஞ்சு தெரியும்.

9. லாரின்னா சட்டம் தான் எல்லாமே

கார் ஒண்ணு ரெண்டு கட்டி முடிச்சவங்களுக்கு இது. லாரி கிட்ல சேசிஸ் ரெண்டு நீள சட்டமும் நடுவுல குறுக்கு சட்டங்களுமா தனித்தனியா வரும். இது அரை மில்லிமீட்டர் முறுக்கிக்கிட்டா கூட கடைசில ஒரு சக்கரம் தரைல படாம நிக்கும், கேபின் ஒரு பக்கம் சாயும், எல்லாம் ஒட்டின அப்புறம் சரி பண்ணவே முடியாது.

கண்ணாடிக்கடைல ஒரு அடிக்கு ஒண்ணரை அடி கண்ணாடி துண்டு வாங்குங்க, ஓரம் தேச்சு குடுக்க சொல்லுங்க. அது கீழ கிராஃப் பேப்பர் ஒட்டுங்க. கண்ணாடி வளையாது, கிராஃப் கோடு நேரா இருக்கான்னு காட்டும். ஒரு நீள சட்டத்துல குறுக்கு சட்டம் எல்லாத்தையும் கெட்டி சிமென்ட்ல நிறுத்துங்க, எக்ஸ்ட்ரா தின் வேண்டாம், அது சீக்கிரம் பிடிச்சுக்கும். உடனே அடுத்த சட்டத்தையும் சேத்து, கண்ணாடி மேல வெச்சு, மூலைமட்டத்த முன்னாடியும் பின்னாடியும் வெச்சு பாத்து, மேல ரெண்டு பழைய பேட்டரிய பாரமா வெச்சு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. எங்க ரூமுக்கு வர்ற தம்பி ஒருத்தன் இத விட்டுட்டு கையில தூக்கி பிடிச்சே ஒட்டினான், பத்து நாள் கழிச்சு டயர் மாட்டறப்ப தான் பின் ஆக்சில் கோணல்னு தெரிஞ்சுது, பாவம் அன்னைக்கு சாப்பிடாமயே வீட்டுக்கு போனான்.

ஸ்பிரிங் பட்டா, ஆக்சில், ஹவுசிங் ஒட்டின உடனே, பசை முழுசா பிடிக்கறதுக்கு முன்னாடி, சக்கரத்த ஒட்டாம சும்மா மாட்டி கண்ணாடி மேல நிறுத்துங்க. ஒரு துண்டு நோட்டு பேப்பர ஒவ்வொரு டயருக்கு அடியிலயும் நுழைச்சு பாருங்க. எந்த டயருக்கு அடியில ஈசியா போகுதோ அந்த ஆக்சில் மேல இருக்குன்னு அர்த்தம், லேசா அழுத்தி எறக்குங்க. ஆறு சக்கரமோ பத்து சக்கரமோ, எல்லாத்துலயும் பேப்பர் பிடிக்கணும்.

சட்டம், பட்டா, ஹவுசிங் எல்லாம் ஒரே கலரா இருந்தா சேத்தே பாதி பளபளப்பு கருப்பு அடிச்சிடலாம். இன்ஜின தனியா வேற கலர்ல முடிச்சு அப்புறம் எறக்குங்க.

பின்னாடி நம்ம ஊர் மாதிரி லோடு பாடி கட்டணும்னு ஆசைப்படறவங்க ஸ்டைரீன் ஷீட் (கிட் பிளாஸ்டிக் மாதிரியே வர்ற தகடு) வாங்கி கட்டலாம். கணக்கு சுலபம், 1/24ல 1 மில்லிமீட்டர்னா நெசத்துல 24 மில்லிமீட்டர். 20 அடி பாடி 25 சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல வரும், ஆறு அங்குல பலகை ஆறே கால் மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல. கட்டறதுக்கு முன்னாடி சங்ககிரி பக்கம் பாடி கட்டற பட்டறைக்கு ஒரு நாள் போங்க, கேட்டுட்டு போட்டோ எடுங்க, முக்கியமா அடிப்பக்கம். பலகை எந்த பக்கம் ஓடுது, குறுக்கு தாங்கி எத்தன, கொக்கி எங்க இருக்குன்னு நேர்ல பாத்தா தான் தெரியும்.

10. டெக்கல், அப்புறம் க்ளியர்

பாடி பெயின்ட் வாடை நின்ன அப்புறம் தான் டெக்கல். பளபளப்பான பரப்பு மேல தான் ஒட்டணும், சொரசொரப்பு மேல ஒட்டினா அடியில காத்து நின்னு வெள்ளி மாதிரி மினுக்கும்.

போர் தண்ணில டெக்கல் போடாதீங்க, காஞ்ச அப்புறம் உப்பு கறை நிக்கும். ஆர்ஓ தண்ணி ஒரு கிண்ணம் போதும். அரை நிமிஷம் முக்கி எடுத்து, டிஷ்யூ மேல ஒரு நிமிஷம் விடுங்க, தானா நழுவணும், இழுக்காதீங்க. பாடில ஒட்டற எடத்த, டெக்கல் நல்லா படியறதுக்கான செட்டிங் திரவத்தால நனைச்சு, டெக்கல நழுவ விட்டு, ஈர பிரஷ்ஷால எடத்துக்கு கொண்டு வந்து, நடுவுல இருந்து வெளிய தண்ணிய ஒத்தி எடுங்க. வளைவு இருக்கற எடத்துல டெக்கல இளக்கற சாஃப்ட்னர் திரவம் தடவினா டெக்கல் சுருங்கி கன்னாபின்னான்னு ஆகும். தொடாதீங்க. பாக்க பயமா இருக்கும், ஆனா காயறப்ப தானா இழுத்து படிஞ்சுடும். அந்த நேரத்துல கை வெச்சு சரி பண்ண போனவங்க எல்லாருமே டெக்கல கிழிச்சிருக்காங்க.

ஒரு நாள் கழிச்சு க்ளியர், அதாவது எல்லாத்துக்கும் மேல அடிக்கற நிறமில்லாத கோட். முதல் ரெண்டு கோட்டும் தூவல் தான், முதல்லயே ஈரமா அடிச்சா தின்னர் டெக்கல கரைச்சிடும்.

11. பாலிஷ்

க்ளியர் நல்லா காஞ்சு ஒரு வாரம் ஆகட்டும். 2000 வாட்டர் பேப்பர தண்ணில நனைச்சு, ஆரஞ்சு தோல் மாதிரி இருக்கற மேடு மட்டும் போற அளவுக்கு, அழுத்தாம தேய்ங்க. ஓரம், கதவு கோடு, பானெட் விளிம்பு பக்கம் போகாதீங்க, அங்க பெயின்ட் மெல்லிசா இருக்கும், நாலு தேயல்ல ப்ரைமர் தெரிஞ்சுடும். அந்த எடத்துக்கெல்லாம் முன்னாடியே மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. அப்புறம் பாலிஷ் காம்பவுண்ட், மெல்லிசு பனியன் துணில. முதல் கிட்ல பேப்பர் வேண்டாம், காம்பவுண்ட் மட்டும் போதும்.

12. கண்ணாடியும் கடைசி சேர்ப்பும்

கண்ணாடி பார்ட்டுக்கு சூப்பர் க்ளூ வகை எதுவும் வேண்டாம். அதோட ஆவி பக்கத்துல இருக்கற கண்ணாடி மேல வெள்ளையா படியும், தொடைச்சா போகாது. ஃபெவிகால பல் குத்துற குச்சி நுனில எடுத்து ஓரத்துல புள்ளி புள்ளியா வெச்சு, உள்பக்கம் இருந்து அழுத்தி, டேப் போட்டு ஒரு ராத்திரி விடுங்க. வெளிய வழிஞ்சா ஈர துணியால தொடைச்சுக்கலாம், மிச்சம் காஞ்சா நிறமில்லாம தான் நிக்கும். கண்ணாடிய கைல பிடிக்கறதுக்கு முன்னாடி கைய கழுவுங்க, உள்பக்க ரேகைய அப்புறம் தொடைக்க முடியாது.

பாடிய சேசிஸ் மேல எறக்கறது தான் எல்லாரும் அவசரப்படற எடம். பாடியோட ரெண்டு பக்கத்தையும் லேசா விரிச்சு, முன்பக்கத்த முதல்ல உக்கார வெச்சு, அப்புறம் பின்பக்கம் எறக்குங்க. டைட்டா இருந்தா தள்ளாதீங்க, எங்க இடிக்குதுன்னு பாத்து சேசிஸ் ஓரத்த தேய்ங்க, தள்ளினா பில்லர் ஒடையும். மிரர், வைப்பர், ஏரியல் இதுக்கு அப்புறம் தான், முன்னாடியே ஒட்டினா கை பட்டு ஒடையும், கீழ விழுந்தா தேடி கெடைக்காது.

டயரோட நடுவுல ஓடற அச்சு கோட்ட 320 பேப்பர்ல தேச்சு எடுத்துட்டு மாட்டுங்க, புது ரப்பர் பளபளப்பும் போய் நெசமான டயர் மாதிரி வரும்.

13. லாரிக்கு தூசி

கார பளபளன்னு விடலாம், லாரி ஓடின மாதிரி இருக்கணும். மேட் க்ளியர் ஒரு கோட் அடிச்சுட்டு, சாதா பேஸ்டல் சாக்கட்டிய பேப்பர்ல தேச்சு பொடியாக்கி, மெல்லிசு பிரஷ்ஷால கீழ இருந்து மேல தடவுங்க. தூசி மட்கார்டு உள்பக்கம், டயர் பக்கவாட்டு, பின் கதவு இங்க தான் படியும், கூரைல இல்ல. கலர் எதுன்னா அந்த லாரி எங்க ஓடுதுன்னு முடிவு பண்ணுங்க. மாக்னசைட் சுரங்கம் பக்கம் ஓடற வண்டின்னா வெளுத்த சாம்பல், கல்வராயன் மலை அடிவாரத்து மண் ரோடுன்னா செம்மண். ரெண்டையும் கலக்காதீங்க. எல்லா எடத்துலயும் துரு வெக்கறதும் வேண்டாம், புகைக்குழாய், சட்டத்தோட பின் முனை, கல் அடிபடற பம்பர் கீழ, அவ்வளவு தான்.

14. வெக்கற எடம்

மேற்கு ஜன்னல் பக்கம் வேண்டாம், சாயங்கால வெயில்ல டெக்கல் கலர் மங்கிடும். பெயின்ட் அடிச்ச மரப்பலகை மேல நேரா நிறுத்தாதீங்க, டயர்ல இருந்து கசியறது பலகை பெயின்ட்டயும் இளக்கி ஒட்டிக்கும். அலமாரி தட்டு கண்ணாடியா இருக்கட்டும். லாரி கனமா இருந்தா ஆக்சிலுக்கு அடியில கருப்பு பெயின்ட் அடிச்ச சின்ன பிளாஸ்டிக் கட்டைய முட்டு குடுத்து வையுங்க, வெளிய தெரியாது, டயரும் சப்பையாகாது.